மறைப்பதை நடித்துக் காட்டியவர்: இயன் ஹோல்மின் திரை வாழ்க்கை

1924ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி அப்போதுதான் முடிந்திருக்கிறது. வென்றவர் யார் என்று அரங்கத்துக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வெற்றிக்காக வீரனின் ஒவ்வொரு காலடியையும் அளந்து திருத்திய பயிற்சியாளர் அரங்கத்துக்குள் இல்லை. கூலி வாங்கிக்கொண்டு பயிற்சி தருவது விளையாட்டுக்கு இழுக்கு என்று நினைத்த அன்றைய மேல்தட்டு உலகம் அவரை வேண்டாதவராக ஒதுக்கியிருந்ததால், அவர் பக்கத்து விடுதி ஒன்றின் அறைக்குள் காத்திருக்கிறார். ஜன்னல் வழியே கொடிக்கம்பம் மட்டும் தெரிகிறது. பிரிட்டிஷ் கொடி மெல்ல ஏறுகிறது, தேசிய கீதம் காற்றில் மிதந்து வருகிறது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, கையிலிருந்த வைக்கோல் தொப்பிக்குள் ஒரே குத்தாகக் குத்துகிறார், தொப்பி பிய்ந்துபோகிறது. பிறகு மகனே என்று ஒரு சொல், தழுதழுத்த குரலில்.

1981இல் ஹியூ ஹட்சன் இயக்கிய 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில் வரும் இந்தக் காட்சியில் சாம் முசாபினி என்ற அந்தப் பயிற்சியாளராக நடித்தவர் இயன் ஹோல்ம். படம் முழுவதும் முசாபினி கறாரான மனிதர். சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு, தான் சொல்வதைச் செய்தால் போதும் என்ற தோரணையில் ஓட்டவீரர் ஹெரால்ட் ஆப்ரகாம்ஸை விரட்டுகிறவர். அவருக்குள் இத்தனை பாசமும் இத்தனை அவமானமும் இருந்திருக்கின்றன என்பது அந்தத் தொப்பி பிய்யும்போதுதான் நமக்குத் தெரிகிறது. தெரிந்த மறுகணம், முந்தைய காட்சிகள் அத்தனையிலும் அது இருந்துகொண்டே இருந்தது என்பதும் புரிந்துவிடுகிறது. ஹோல்மின் அரை நூற்றாண்டுத் திரை வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு காட்சியே போதுமான வாசல் என்று நான் நினைக்கிறேன். எதையோ உள்ளே பூட்டி வைத்திருக்கும் மனிதர்களைத்தான் அவர் திரும்பத் திரும்ப நடித்தார். பூட்டு இருப்பதை நமக்குக் காட்டுவார், உள்ளே இருப்பதைக் காட்டமாட்டார், காட்ட வேண்டிய நேரம் வந்தாலொழிய.

குணச்சித்திர நடிகர் என்ற நம் சொல் ஆழமானது. குணத்தைச் சித்திரமாக வரைபவர் என்று அது பொருள்படுகிறது. கதாநாயகன் தன் முகத்தை எல்லாப் படங்களுக்கும் எடுத்துச் செல்கிறான். குணச்சித்திர நடிகர் ஒவ்வொரு படத்திலும் புதிதாக ஒரு மனிதரைத் தீட்டுகிறார். ஹோல்ம் ஐந்தரை அடி உயரம் இருந்தாலே அதிகம். முகத்தில் கதாநாயகக் களை என்று எதுவும் கிடையாது. ஆனால் அமைதியாக இருக்கும்போதும் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது போன்ற கண்கள் இருந்தன. கிசுகிசுப்பிலிருந்து சாட்டையடி வரை ஒரே வாக்கியத்துக்குள் போய்த் திரும்பும் குரல் இருந்தது.

அவர் 1931 செப்டம்பர் 12 அன்று எசெக்ஸ் மாவட்டத்தின் குட்மேய்ஸில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கத்பர்ட் மனநல மருத்துவர். அங்கிருந்த மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர். மின்னதிர்ச்சிச் சிகிச்சையை பிரிட்டனில் முதன்முதலில் கையாண்டவர்களில் ஒருவர். தாய் செவிலியர். இயன் ஹோல்ம் கத்பர்ட் என்ற பெயரில் தாயின் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு தந்தையின் பெயரை நடிப்புக்காக விட்டுவிட்டார். மனம் பேதலித்தவர்களையும் அவர்களை அடக்கி ஆளும் வெள்ளை அங்கி மனிதர்களையும் அருகிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளை அவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் சில பாத்திரங்கள் வேறு நிறத்தில் தெரியும்.

லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் டிராமாடிக் ஆர்ட்டில் 1950இல் சேர்ந்தார். இடையில் கட்டாய ராணுவச் சேவைக்காக ஆஸ்திரியாவுக்குப் போய் வந்தார். 1954இல் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில், வசனமில்லாமல் ஈட்டி பிடித்து நிற்கும் வேடத்தில் தொடங்கினார். அங்கே நாடக இயக்குநர் பீட்டர் ஹால் 1960இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியை உருவாக்கியபோது அதன் முதல் தலைமுறை நடிகர்களில் ஒருவரானார். பிரிட்டிஷ் குணச்சித்திர நடிகர்கள் ஏன் இப்படி வற்றாமல் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு விடையின் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. நீண்ட கால ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, இந்த வாரம் மன்னனாகவும் அடுத்த வாரம் வேலைக்காரனாகவும் மேடையேறும் பழக்கம், எந்த வேடத்தையும் சிறியது என்று நினைக்காத மனநிலையைக் கொடுத்தது. இதோடு பிபிசியின் தொலைக்காட்சி நாடகங்களும் வானொலி நாடகங்களும் சேர்ந்துகொண்டன. நடிகர் ஒருவர் மேடைக்கும் ஒலிவாங்கிக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரே ஆண்டுக்குள் போய் வர முடிந்தது. ஒவ்வொன்றும் குரலையும் உடலையும் வேறு வேறு அளவில் கேட்டது.

அவருடைய முதல் பெரிய திரைப் பதிவு என்று சொல்லத்தக்கதும் மேடையிலிருந்தே வந்தது. ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களைத் தொகுத்துப் பீட்டர் ஹாலும் ஜான் பார்ட்டனும் உருவாக்கிய 'தி வார்ஸ் ஆஃப் தி ரோஸஸ்' நிகழ்வைப் பிபிசி ஸ்ட்ராட்ஃபோர்டு அரங்கிலேயே படம்பிடித்து 1965இல் ஒளிபரப்பியது. அதில் ஹோல்ம் மூன்றாம் ரிச்சர்டு. கொடுங்கோலன் என்றால் கர்ஜிக்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு மாறாக, இவருடைய ரிச்சர்டு சின்னப் பையனைப்போலச் சிரிக்கிறான். கொலைத் திட்டத்தைச் சொல்லும்போது அந்தச் சிரிப்பு கூடுகிறதே தவிர குறைவதில்லை.

அதே 1965இல் ஹரால்ட் பின்டரின் 'தி ஹோம்கமிங்' நாடகம் மேடையேறியது. ஹோல்மின் நடிப்புக்கு இலக்கணம் வகுத்த எழுத்து பின்டருடையது என்று சொன்னால் மிகையாகாது. பின்டரின் மனிதர்கள் பேசுவது ஒன்று, நினைப்பது ஒன்று. அவர்கள் பேசாமல் நிற்கும் இடைவெளிகளை எழுத்தாளரே நாடகப் பிரதியில் குறித்து வைத்திருப்பார். லெனி என்ற தரகனாக ஹோல்ம் நடித்த இந்த நாடகத்தில், நள்ளிரவில் வீட்டுக்கு வரும் அண்ணன் மனைவி ரூத்துடன் ஒரு தண்ணீர்க் கிளாஸை முன்வைத்து நடக்கும் உரையாடல் உண்டு. லெனி தான் பெண்களை அடித்த கதைகளை ஏதோ வானிலையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டே போகிறான். பிறகு கிளாஸை எடுத்துவிடப் போவதாகச் சொல்கிறான். நீ கிளாஸை எடுத்தால் நான் உன்னை எடுத்துக்கொள்வேன் என்ற பொருளில் அவள் சொல்லும் பதிலில் அவனுடைய கட்டுப்பாடு முதல்முறையாக ஆட்டம் காண்கிறது. 1973இல் பீட்டர் ஹாலே இதைத் திரைப்படமாக்கியதால் அந்த நொடியை நாம் குளோசப்பில் பார்க்க முடிகிறது. ஹோல்மின் முகத்தில் எதுவும் பெரிதாக மாறவில்லை. சிரிப்பு அரைக்கணம் தாமதமாக வருகிறது, அவ்வளவே. நாடகம் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனபோது 1967இல் அவருக்கு டோனி விருது கிடைத்தது.

திரைப்படத்தில் முதல் அங்கீகாரம் 1968இல் ஜேக் கோல்ட் இயக்கிய 'தி போஃபர்ஸ் கன்' மூலம் வந்தது. போஃபர்ஸ் என்றதும் நம் நாட்டு வாசகர்களுக்கு ஓர் அரசியல் வழக்குதான் நினைவுக்கு வரும். இந்தப் படம் அதற்குப் பல்லாண்டுகள் முந்தையது, அதே ஸ்வீடன் நிறுவனத்தின் பெயர் கொண்ட ஒரு பழைய பீரங்கியை ஜெர்மனியில் இரவுக் காவல் காக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பற்றியது. அதில் நடித்த ஹோல்முக்குச் சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருது கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகள் வரலாற்றுப் படங்களில் சிறு வேடங்களாக ஓடின.

இந்த இடத்தில் அவர் வாழ்க்கையையே திசைதிருப்பிய விபத்து நிகழ்ந்தது. 1976இல் யூஜின் ஓநீலின் 'தி ஐஸ்மேன் கமெத்' நாடகத்தில் ஹிக்கி என்ற மிக நீண்ட வசனங்கள் கொண்ட வேடத்தை ஏற்றிருந்தார். முன்னோட்டக் காட்சிகளின்போது மேடையில் அவருக்குள் ஏதோ நின்றுபோனது. வசனம் மறப்பது எந்த நடிகருக்கும் நேரும்; சக நடிகர் எடுத்துக்கொடுப்பார், சமாளித்துக்கொள்ளலாம். இது அப்படியல்ல. தொடரவே முடியாமல் மேடையைவிட்டு வெளியேறினார், அந்த வேடத்தையும் விட்டார். 22 ஆண்டுகள் மேடையே வீடாக இருந்த மனிதருக்கு மேடைப் பயம் வந்து, அது நெடுங்காலம் நீங்கவுமில்லை. 1979இல் லண்டனில் ஒரு செகாவ் நாடகத்தில் தலைகாட்டியதைத் தவிர, 1993 வரை அவர் மேடைப் பக்கம் போகவில்லை.

இன்று உலகம் அறிந்த இயன் ஹோல்ம் அந்தப் பயத்திலிருந்து பிறந்தவர். மேடை மூடிக்கொண்டதால் கேமரா ஒன்றுதான் மிச்சமிருந்தது. 45 வயதில், ஒரு தலைசிறந்த மேடை நடிகர், குளோசப்பின் அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கேமரா முன்னால் மறந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற பாதுகாப்பு அவருக்கு நிச்சயம் உதவியிருக்கும். ஆனால் அதற்கும் மேலான ஒரு பொருத்தம் இதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எந்த நேரமும் உள்ளே ஏதோ உடைந்துவிடலாம் என்று அறிந்த ஒரு மனிதர், வெளியே அமைதியாக நிற்கும் மனிதர்களை நடிக்கத் தொடங்கினார்.

1978இல் பிபிசி மூன்று பகுதிகளாக ஒளிபரப்பிய 'தி லாஸ்ட் பாய்ஸ்' தொடரில் 'பீட்டர் பேன்' எழுதிய ஜே. எம். பாரியாக நடித்தார். பாரியும் குள்ளமானவர், வெட்கப்படுபவர், பெரியவர்களோடு பேசத் திணறி, தன்னுடையதல்லாத ஐந்து பிள்ளைகளின் மீது உயிரையே வைத்தவர். பார்க்கும் நமக்கு அந்தப் பாசத்தின் மீது பரிவும் வருகிறது, ஒரு சங்கடமும் வருகிறது. இரண்டில் ஒன்றை ஹோல்ம் நமக்காகத் தேர்ந்தெடுத்துத் தருவதில்லை. அவருடைய தொலைக்காட்சி வேலைகளில் எது உச்சம் என்று கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். அதே ஆண்டில் வெளியான 'ஹோலோகாஸ்ட்' என்ற அமெரிக்கத் தொடரில் நாஜித் தலைவர் ஹிம்லராகவும் வந்தார் என்பதை அடுத்தடுத்துச் சொல்லும்போதுதான் அவருடைய வீச்சு விளங்குகிறது.

அடுத்த ஆண்டு 'ஏலியன்' வந்தது. ரிட்லி ஸ்காட் இயக்கி, லண்டனுக்கு அருகே ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்ட இந்தப் படத்தில் நாஸ்ட்ரோமோ என்ற சரக்கு விண்கலத்தில் ஏழு பேர் பயணிக்கிறார்கள். அவர்களில் ஆஷ் என்ற விஞ்ஞான அதிகாரி மனிதனே அல்ல, கம்பெனி அனுப்பிய இயந்திரம் என்பது படத்தின் பிற்பகுதியில்தான் வெளிப்படுகிறது. இந்த உண்மையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படத்தை இரண்டாவது முறை பார்ப்பது தனி அனுபவம். வெளியே போனவர்கள் நோய்த்தொற்றோடு திரும்பும்போது, விதிப்படி கதவைத் திறக்கக் கூடாது என்று கலத்தின் அதிகாரி ரிப்ளி மறுக்கிறாள்; ஆஷ் திறந்துவிடுகிறான். முதல்முறை பார்க்கும்போது அது இரக்கமாகத் தெரிகிறது. பிறகு ரிப்ளி கேள்வி கேட்கும்போது அவன் கொடுக்கும் பதில்கள் எல்லாமே பணிவானவை, சரியானவை, எங்கோ ஒரு நூல் அளவு பிசகானவை.

ஒரு சின்ன அசைவை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். மற்றவர்கள் கோளின் தரையில் இறங்கிவிட்ட பிறகு, தனியாக இருக்கும் ஆஷ் கண்காணிப்பு இருக்கையில் உட்காரும் முன் நின்ற இடத்திலேயே மூன்று நான்கு எட்டு ஓடுவதுபோலக் கால்களை உதறிக்கொள்கிறான். உடலைத் தளர்த்திக்கொள்ளும் ஒரு மனிதனின் பழக்கம் அது. ஆனால் அவனுக்குத் தளர்த்த உடலே இல்லை என்பது பின்னால் தெரியும்போது, யாருக்காக அதைச் செய்தான் என்ற கேள்வி முதுகுத்தண்டில் சில்லென்று ஏறுகிறது. யாரும் பார்க்காத நேரத்திலும் மனிதனாக நடித்துப் பழகுகிறானா, அல்லது மனிதனாக இருப்பதில் அவனுக்கே ஒரு ஆசையா? படம் பதில் சொல்வதில்லை. ரிப்ளிக்கு உண்மை தெரிந்துவிட்டபின் அவன் நெற்றியோரம் வெள்ளையாக ஒரு துளி வழிகிறது. அதுதான் பூட்டு உடையும் கணம். அடுத்து வரும் மூர்க்கத்தில் அவன் தலையே துண்டாகிறது. மேசைக்கு அடியில் ஹோல்ம் மண்டியிட்டு, ஓட்டை வழியே தலையை மட்டும் வெளியே நீட்டி, பாலும் பாஸ்தாவும் கண்ணாடிக் கோலிகளும் முகத்தைச் சுற்றிக் கொட்டிக்கிடக்க நடித்த காட்சியில், நீங்கள் பிழைப்பதற்கு வழியில்லை, என் அனுதாபங்கள் என்று சொல்லிவிட்டு இலேசாகச் சிரிக்கிறது அந்தத் தலை. படத்தில் ஆஷ் உண்மையாகச் சிரிப்பது அந்த ஒருமுறைதான்.

இந்த முகத்தை 2024இல் வெளியான 'ஏலியன்: ரோமுலஸ்' படம் திரும்பக் கொண்டுவந்தது. ஹோல்ம் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. குடும்பத்தாரின் அனுமதியோடு, இயந்திரப் பொம்மையையும் வேறொரு நடிகரின் நடிப்பையும் கணினித் தொழில்நுட்பத்தையும் சேர்த்து, ரூக் என்ற புதிய பாத்திரத்துக்கு அவருடைய சாயலைக் கொடுத்திருந்தார்கள். இறந்தவரின் முகத்தை இப்படிப் பயன்படுத்துவது முறையா என்ற விவாதம் பெரிதாக எழுந்தது; அது நியாயமான விவாதம். ஆனால் அந்தக் காட்சிகள் ஏன் நெஞ்சில் தங்கவில்லை என்பதற்குத் தொழில்நுட்பக் குறையைத் தாண்டிய ஒரு காரணம் உண்டு. ரூக் ஓர் இயந்திரம் என்பது அவன் திரையில் தோன்றும்போதே எல்லோருக்கும் தெரியும். மறைக்க அவனிடம் ஒன்றுமில்லை. ஹோல்மின் முகத்துக்கு உயிர் கொடுத்த வேலையே அந்தப் பாத்திரத்தில் இல்லாமல் போயிற்று.

1981 அவருடைய பொன்னாண்டு. 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' பிரான்ஸின் கேன் திரைப்பட விழாவில் சிறந்த துணை நடிகர் விருதையும், இரண்டாவது பாஃப்டாவையும், வாழ்நாளின் ஒரே ஆஸ்கர் பரிந்துரையையும் பெற்றுத் தந்தது. ஆஸ்கர் ஜான் கீல்குட்டுக்கு 'ஆர்தர்' படத்துக்காகப் போயிற்று. அதே கீல்குட் 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்திலும் ஹோல்மை மதிக்காத மேல்தட்டு உலகத்தின் பிரதிநிதியாக, கேம்பிரிட்ஜ் கல்லூரித் தலைவராக வருகிறார் என்பது காலத்தின் விசித்திரம். அதே ஆண்டில் டெர்ரி கில்லியமின் 'டைம் பேண்டிட்ஸ்' படத்தில் குள்ளமானவர்கள் மீது பித்துக்கொண்ட நெப்போலியன். அதே ஆண்டில் பிபிசி வானொலி 26 அரைமணி நேரப் பகுதிகளாக ஒலிபரப்பிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாடகத்தில் கதாநாயகன் ஃப்ரோடோவின் குரல். இந்த மூன்றாவது வேலை 20 ஆண்டுகள் கழித்துப் பலன் தரப் போகிறது என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

நெப்போலியனைப் பற்றி ஒரு வார்த்தை. 1974இல் 'நெப்போலியன் அண்ட் லவ்' தொலைக்காட்சித் தொடர், 1981இல் 'டைம் பேண்டிட்ஸ்', 2001இல் 'தி எம்பரர்ஸ் நியூ க்ளோத்ஸ்' என்று அவர் மூன்று முறை அந்த வேடத்தை ஏற்றார். மூன்றாவதுதான் மனத்தைத் தொடுவது. செயின்ட் ஹெலினா தீவில் தன்னைப்போன்ற ஒருவனை விட்டுவிட்டுத் தப்பி வரும் பேரரசன், பாரிஸில் ஒரு விதவையின் முலாம்பழ வியாபாரத்துக்கு உதவிக்கொண்டு நாள் கழிக்கிறான். தீவில் இருக்கும் போலி செத்துவிட்டதால், தான் யார் என்று நிரூபிக்க அவனுக்கு வழியே இல்லை. ஓரிடத்தில் அவனை மனநோயாளிகள் விடுதி ஒன்றின் முற்றத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே உலவும் பலரும் தன்னை நெப்போலியன் என்று நம்பிக்கொண்டு, கையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டு நடக்கிறார்கள். உண்மையான நெப்போலியன் அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஹோல்மின் முகத்தில் பயமும் வெட்கமும் ஒருசேர ஏறி இறங்குகின்றன. குட்மேய்ஸ் மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் மகன் அந்தக் காட்சியில் நடிக்கிறார் என்ற நினைப்பு வந்தால் அதைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது.

அதே நினைப்பு 1994இல் நிக்கலஸ் ஹைட்னர் இயக்கிய 'தி மேட்னஸ் ஆஃப் கிங் ஜார்ஜ்' படத்தைப் பார்க்கும்போதும் வருகிறது. சித்தம் கலங்கிய மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் குணப்படுத்த வரும் டாக்டர் வில்லிஸாக ஹோல்ம். மன்னரை நேருக்கு நேர் பார்க்கவே கூடாது என்ற அரசவை மரபை உடைத்து, அவர் கண்ணுக்குள் பார்த்தபடி நிற்கிறார் வில்லிஸ். அடங்காத மன்னரை வேலையாட்கள் இழுத்துப் போய் ஒரு நாற்காலியில் வாரால் கட்டுகிறார்கள்; பின்னணியில் முடிசூட்டு விழாக்களில் பாடப்படும் ஹாண்டலின் இசை முழங்குகிறது. வில்லிஸ் கொடியவரா, கருணையுள்ளவரா? மருத்துவர் தன் அதிகாரத்தை அனுபவிக்கிறாரா, அல்லது அது அவருக்கும் வலிக்கிறதா? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் ஹோல்மின் நிலையில் இரண்டுக்குமே இடமிருக்கிறது. தேறிவரும் மன்னர் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தின் ஒரு பகுதியைப் பிறரோடு சேர்ந்து படிக்கும் நெகிழ்வான காட்சியும் இப்படத்தில் உண்டு. மூன்றே ஆண்டுகளில் ஹோல்மே லியராகப் போகிறார்.

மேடைப் பயத்தைத் தீர்த்துவைத்ததும் பின்டர்தான். 1993இல் அவருடைய 'மூன்லைட்' நாடகத்தில், மரணப் படுக்கையில் கிடந்தபடி மனைவியைத் திட்டிக்கொண்டிருக்கும் ஆண்டி என்ற வேடத்தில், லண்டனின் அல்மெய்டா அரங்கில் ஹோல்ம் திரும்பி வந்தார். 1997இல் நேஷனல் தியேட்டரின் மிகச் சிறிய அரங்கான காட்டஸ்லோவில் ரிச்சர்டு ஐர் இயக்கத்தில் லியர். புயல் காட்சியில், உடுத்தியிருப்பதை எல்லாம் கழற்றி எறியும் லியரை அவர் சொல்லுக்குச் சொல் உண்மையாக்கி, பார்வையாளர்களுக்குச் சில அடி தூரத்தில் ஆடையின்றி நின்றார். பல ஆண்டுகள் மேடையை அஞ்சி ஒதுங்கியிருந்த மனிதர், 65 வயதில் அங்கே நின்றார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. பிரிட்டனின் நாடக விருதான ஒலிவியே விருது கிடைத்தது, பிபிசி அதைத் தொலைக்காட்சிக்காகவும் படமாக்கியது. 1998இல் சர் பட்டம் வந்தது.

லியர் மேடையேறிய அதே 1997 வசந்தத்தில், கேன் திரைப்பட விழா ஹோல்ம் நடித்த 'தி ஃபிஃப்த் எலிமெண்ட்' படத்துடன் தொடங்கியது. லுக் பெஸானின் அந்த வண்ணமயமான விண்வெளிக் கூத்தில் அவர் ஒரு தடுமாறும் பாதிரியார். அதே விழாவின் போட்டிப் பிரிவில் கனடா இயக்குநர் ஆட்டம் இகோயனின் 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்' திரையிடப்பட்டு கிராண்ட் பிரீ விருது பெற்றது. பெரிய திரையில் ஒரு படத்தின் பாரத்தை ஹோல்ம் தோளில் தூக்கி நடப்பதைக் காண நாம் அவருடைய 65 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளிப் பேருந்து பனியில் சறுக்கி உறைந்த ஏரிக்குள் மூழ்கி, ஒரு சிற்றூரின் குழந்தைகளில் பலர் இறந்துபோகிறார்கள். வழக்குத் தொடுக்கச் சொல்லி வீடு வீடாகப் போகும் வக்கீல் மிட்செல் ஸ்டீவன்ஸ் அவர். பிணம் தின்னும் கழுகு என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஆனால் அவருடைய மகள் போதை மருந்துக்கு அடிமையாகி எங்கோ நகரங்களில் அலைகிறாள். காசுக்காக மட்டும் போன் செய்கிறாள். படத்தின் தொடக்கத்திலேயே கார் கழுவும் இயந்திரத்துக்குள் சிக்கிக்கொண்டு, கண்ணாடியெங்கும் சோப்பு நுரை வழிய, அவர் மகளின் அழைப்பை எடுக்கிறார்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் மகளின் சிறுவயதுத் தோழி என்று தெரிந்ததும் அவர் ஒரு கதை சொல்கிறார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது விஷச் சிலந்தி கடித்து உடல் வீங்கிவிட்டது. மருத்துவமனை வெகு தூரம். வழியில் மூச்சுக்குழல் அடைத்துக்கொண்டால் தொண்டையில் கத்தியால் துளையிட வேண்டும் என்று மருத்துவர் போனில் சொல்கிறார். மனைவி காரோட்ட, குழந்தையை மடியில் வைத்துத் தாலாட்டுப் பாடிக்கொண்டே, மறுகையில் திறந்த பேனாக்கத்தியுடன் அவர் உட்கார்ந்திருக்கிறார். கத்தியைப் பயன்படுத்தத் தேவை வரவில்லை, குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தக் கதையைச் சொல்லும்போது ஹோல்ம் குரலை உயர்த்துவதே இல்லை, கண்ணீர் விடுவதும் இல்லை. ஒரு வக்கீல் சாட்சியம் சொல்வதுபோல விவரங்களை வரிசையாக அடுக்குகிறார். நடுவே இரண்டு இடங்களில் மட்டும் வாக்கியம் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் கொஞ்சம் தொங்குகிறது. பின்டரிடம் கற்ற மௌனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் அவருடைய படங்களில் எனக்குத் தெரியவில்லை. கனடாவின் ஜீனி விருது அவரைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தது.

மற்ற படங்களைப் பட்டியலிட்டால் பக்கங்கள் போதாது. 'பிரேசில்' படத்தில் குமாஸ்தாக்கள் வேலை செய்கிறார்களா என்று கதவைத் திறந்து எட்டிப்பார்த்து ஏமாறும் பயந்த அதிகாரி. 1964இல் தானே ஐந்தாம் ஹென்றியாக நடித்த நாடகம் கால் நூற்றாண்டு கழித்துக் கென்னத் பிரானாவால் படமானபோது அதில் வெல்ஷ் தளபதி ஃப்ளூயெல்லன். 2000இல் 'ஜோ கூல்ட்ஸ் சீக்ரெட்' படத்தில், உலகின் மிக நீளமான வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பதாக நியூயார்க் முழுவதையும் நம்பவைத்த, எழுதாத நாடோடி. 'ராட்டடூயி' என்ற எலிச் சமையல்காரன் படத்தில் குட்டையான, கொதிக்கும் தலைமைச் சமையல்காரர் ஸ்கின்னரின் குரல். இவர்களிலும் பெரும்பாலோர் எதையோ மூடி வைத்திருப்பவர்கள்தாம்.

2001இல் வெளியான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தின் முதல் பாகத்துக்கு, ஹாபிட் என்ற குட்டி மனித இனத்தைச் சேர்ந்த பில்போ பாகின்ஸாக ஹோல்மை இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அழைத்ததற்கு அந்தப் பழைய வானொலி நாடகமும் ஒரு காரணம். நியூசிலாந்தில் பில்போவின் வீட்டை இரண்டு அளவுகளில் கட்டி, கேமராவுக்கு அருகில் ஒருவரும் தொலைவில் ஒருவருமாக உட்காரவைத்து, இயன் மெக்கல்லன் நடித்த மந்திரவாதி கேண்டால்ஃபுக்குப் பக்கத்தில் அவரைக் குட்டி மனிதராகக் காட்டினார்கள். அந்தத் தந்திரங்கள் எல்லாம் மறந்துபோகும். மறக்காதது, 111ஆம் பிறந்தநாள் முடிந்த இரவில், வைத்திருப்பவரையே ஆட்டிவைக்கும் மந்திர மோதிரத்தை விட்டுவிட்டுப் போவதாகச் சொல்லும் பில்போவின் கை, சொல்லிக்கொண்டே அதைச் சட்டைப்பைக்குள் தடவுவது. விருந்தாளியை உபசரிக்கும் இனிய கிழவர் ஒரு நொடியில் சந்தேகம் பிடித்த பிராணியாகிவிடுகிறார். மறுநொடியில் வெட்கி, பழைய நண்பனைக் கட்டிக்கொள்கிறார். கதவருகே போய், உள்ளங்கையைச் சாய்த்து, மோதிரத்தைக் கீழே நழுவவிடும்போது அவர் விரல்கள் மனத்தைவிட மெதுவாகத் திறக்கின்றன.

பார்க்கின்சன் நோய் அவரைத் தளர்த்தத் தொடங்கிய பிறகு நியூசிலாந்துக்குப் பயணம் செய்ய முடியவில்லை. 'தி ஹாபிட்' படங்களுக்காக அவர் பங்குபெற்ற காட்சிகளை லண்டனில் எடுத்தார்கள். அவற்றில் கடைசியானது 2014இல் வெளியான மூன்றாம் பாகத்தின் இறுதியில் வருகிறது: வயதான பில்போ தன் வீட்டில் தனியாக, மோதிரத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசல் கதவு தட்டப்படுகிறது. திடுக்கிட்டு, யாரும் வர வேண்டாம், வாழ்த்துச் சொல்ல வருபவர்களும் வேண்டாம், தூரத்து உறவினர்களும் வேண்டாம் என்று உள்ளிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு எழுந்து போகிறார். வெளியே நிற்பது யார் என்பது, 13 ஆண்டுகளுக்கு முன் வந்த முதல் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.